பீஸ் கோர் வாத்தியார்கள் எழுதும் புத்தகங்கள்

கெப்பாலா பத்தாஸ்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பீஸ் கோர் என்னும் அமெரிக்க அமைதிப்படையில் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் வரிசையாகப் புத்தகம் போடுகிறார்களே, அவற்றைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போனவனுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்" என்று பதிலையும் நீயே எழுதிவிட்டாய். படிக்காத புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் இந்தப் பழக்கம் உன்னைவிட்டு எப்போது போகுமோ!

முதலில் அவர்கள் யார் என்று தெரிந்துகொள். கென்னடி அந்த அமைப்பைத் தொடங்கியது 1961 மார்ச்சில். மறு வருஷத் தொடக்கத்திலேயே முதல் குழு மலாயாவில் வந்து இறங்கிவிட்டது. 1983 வரை வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலோர் கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு விமானம் ஏறியவர்கள். இடைநிலைப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் நடத்தினார்கள். சிலர் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் தாதியர். சிலர் காசநோய்த் தடுப்பில், ஃபெல்டா நிலத்திட்டங்களில், சபா சரவாக் உட்பகுதிகளில். "பீஸ் கோர் வாத்தியார்" என்று சொல்லிப் பார். எழுபதைத் தாண்டிய நம் பெரியவர்கள் சிலருக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வரும்.

முதலில் வந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை புத்தகங்கள் இப்போது வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதிய நீல நிற ஏரோகிராம்களை அம்மாமார்கள் பத்திரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். பிள்ளை கிழவனான பிறகு அந்தக் கட்டை அவிழ்க்கிறான். பல புத்தகங்கள் சொந்தச் செலவிலோ சிறு பதிப்பகங்கள் வழியாகவோ வருகின்றன. எல்லாமே நன்றாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகள் மட்டும் படித்தால் போதும் என்ற அளவில் நிற்பவையும் உண்டு.

உன் கடிதத்தில் ஒரு தவறு இருக்கிறது, திருத்திக்கொள். எழுத்தாளர் பால் தெரூ இங்கே தொண்டராக இருந்து நம்மைப் பற்றிக் கதை எழுதினார் என்றாயே, அது சரியில்லை. அவர் 1963இல் தொண்டராகப் போனது ஆப்பிரிக்காவின் மலாவிக்கு. 1965இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகுதான் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. ஜொகூரின் ஆயர் ஹீத்தாமைக் களமாக வைத்து எழுதிய 'தி கான்சல்ஸ் ஃபைல்' 1977இல் வந்தது. அது கதைத் தொகுப்பு. அதில் வரும் ஊரை அப்படியே ஜொகூர் என்று எடுத்துக்கொண்டு கோபப்படாதே.

இன்னொரு தவறு நீ இனிமேல்தான் செய்யப்போகிறாய். புத்தகம் கைக்கு வந்ததும் நம் நாட்டின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டுவாய். பாராட்டியிருந்தால் மகிழ்ந்துபோவாய், குறை சொல்லியிருந்தால் மூடி வைத்துவிடுவாய். இரண்டுமே படிப்பு ஆகாது. அதனால், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஊரிலிருந்து தொடங்கு.

மைக் டிட்வெல் எழுதிய 'தி பாண்ட்ஸ் ஆஃப் கலம்பாயி'யை எடுத்துக்கொள். 1990இல் வந்தது. அப்போது சயீர் என்று பெயர், இன்று கொங்கோ. அங்கே மீன் வளர்ப்புச் சொல்லிக்கொடுக்கப் போனவர் அவர். இலுங்கா என்ற ஊர்த்தலைவர் ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குளம் வெட்டுகிறார். திலாப்பியா விட்டு, தீனி போட்டு, காத்திருந்து, கடைசியில் குளத்தை வடிக்கும் நாள் வருகிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடையோடு வந்து நிற்கிறார்கள். மனிதர் வாரி வாரிக் கொடுத்துவிடுகிறார். அவருக்கென்று மிஞ்சியது கொஞ்சம். டிட்வெல்லுக்கு ஆத்திரம்: இப்படிக் கொடுத்தால் எப்படி முன்னேறுவது? பங்கு கொடுக்காதவன் அந்த ஊரில் மனிதனாக வாழ முடியாது என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆகிறது. தன் ஆத்திரத்தையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கோழி அடித்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும் லயத்தில் பிறந்த குடும்பம் நம்முடையது. உனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் விளக்கம் தேவைப்பட்ட ஒருவன் அதை எப்படிக் கற்றுக்கொண்டான் என்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இந்தப் புத்தகங்களில் நான் தேடுவது இதைத்தான். எழுதுகிறவர் செய்த வேலை என்ன, அதில் உள்ளூர்க்காரர் எங்கே குறுக்கே நின்று "அப்படி இல்லை" என்றார்? அந்தக் குரல் கேட்டால் புத்தகம் தேறிவிட்டது. "இந்த மக்கள் எளிமையானவர்கள், எப்போதும் சிரித்த முகம்" என்று பக்கம் பக்கமாகப் போனால், அதை நீ தாராளமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பீட்டர் ஹெஸ்லரையும் படி. 1996இல் சீனாவில் யாங்சே ஆற்றங்கரையில் இருக்கும் ஃபூலிங் ஊருக்கு ஆங்கில ஆசிரியராகப் போனார். கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் நடத்தினார். 'ரிவர் டவுன்' 2001இல் வந்தது. அவருடைய மாணவி ஒருத்தி அச்சுக்குப் போகும் முன்பே அதைப் படித்துவிட்டு, இதைப் படித்தால் யாருக்கும் எங்கள் ஊரைப் பிடிக்காது, ஆனால் எல்லாம் உண்மை, குறை சொல்ல முடியவில்லை என்ற பொருளில் அவருக்கு எழுதினாளாம். எத்தனை நேர்மையான விமர்சனம் பார்! அந்த மாணவர்களோடு அவர் இருபது வருஷத்துக்கு மேல் தொடர்பு விடாமல் இருந்து, 2024இல் 'அதர் ரிவர்ஸ்' எழுதினார். இரண்டு வருஷம் போதாது என்றாயே, உன் கேள்விக்கு அவர் பதில் இது.

இதெல்லாம் இளவட்டங்களின் விளையாட்டு என்று நினைத்தால் லில்லியன் கார்ட்டரை நினைத்துக்கொள். ஜிம்மி கார்ட்டரின் தாயார். 1966இல், 68 வயதில், பம்பாய்க்கு அருகே விக்ரோலிக்குத் தாதியாக வந்தார். அங்கிருந்து குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் 1977இல் புத்தகமாயின. அன்றன்று எழுதிய கடிதத்தில் அன்றைய எரிச்சலும் அழுகையும் அப்படியே கிடக்கும். ஐம்பது வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதுபவர் அவற்றை மழித்து அழகாக்கிவிடுவார். புதிய புத்தகங்களில் இரண்டும் கலந்து வருகின்றன. எது பழைய கடிதம், எது இன்றைய நினைவு என்று பிரித்துப் படி.

"எல்லாம் பனிப்போர்க் காலத்து அமெரிக்க அரசியல்தானே" என்பாய். ஆமாம், அதுவும்தான். கம்யூனிசத்துக்கு எதிராக நண்பர்களைச் சேர்க்கும் கணக்கு வாஷிங்டனுக்கு இருந்தது. ஆனால் அல்ஜீப்ரா புரியாமல் விழித்த பையனை மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் வாஷிங்டன் நினைவில் இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள உனக்கு வயதாகிவிட்டது.

என் மனசில் உறுத்துவது வேறு. அந்த வாத்தியார்கள் எழுதுகிறார்கள். அவர்களிடம் படித்தவர்கள் எழுதவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, ரிமூவ் கிளாஸ் என்ற புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அந்த அமெரிக்க உச்சரிப்பு எப்படிக் கேட்டது? அவரை முதன்முதலாகத் தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டது யார்? அவர் போனபிறகு கடிதம் போட்டார்களா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருஷாவருஷம் குறைந்தும் வருகிறார்கள்.

எனவே வாங்குவதற்கு முன் செபராங் ஜெயாவில் இருக்கும் பினாங்குப் பொது நூலகத்தில் கேட்டுப் பார். இறக்குமதிப் புத்தகத்தின் விலை உறைக்கும். மிஞ்சும் வெள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு உன் பெரியம்மாவிடம் போய் உட்கார். இடைநிலைப் பள்ளியில் அவருக்குக் கணக்கு எடுத்தது யார் என்று கேள். "எனக்கு என்னப்பா ஞாபகம் இருக்கு" என்று தொடங்குவார். எழுந்து வந்துவிடாதே, கோப்பி வரும்வரை பொறு. அவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே எழுது. இடையில் உன் கருத்தை நுழைக்காதே. எழுதியதை எனக்கு அனுப்பு. சந்திப்பிழை இருந்தால் திட்டுவேன்தான், அதற்காக அனுப்பாமல் இருக்காதே.

அன்புடன்,
அண்ணன்