நீரிறைக்கும் இயந்திரத்தின் ஜெற்: துப்புரவு செய்தலும் மாற்றுதலும்

வெங்காயத்திற் குமிழ் திரளும் பருவத்திலும் மிளகாய் பூத்துக் காய்க்கும் பருவத்திலும் நீர் தவறுமாயின், அதனால் நேரும் நட்டத்தைப் பின்னர் எவ்வளவு பசளையிட்டும் ஈடுசெய்தல் இயலாது. இத்தகைய வேளையிலேயே நீரிறைக்கும் இயந்திரம் இழுபட மறுப்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். பெரும்பாலும் இதற்குக் காரணம், காபரேற்றரினுள் இருக்கும் விரல் நகத்திலும் சிறிய ஒரு பித்தளைத் துண்டு அடைபட்டிருத்தலேயாம். அதுவே ஜெற் எனப்படுவது. அதனைக் கழற்றித் துப்புரவு செய்தல் வீட்டிலேயே செய்யத்தக்க வேலையாகும்.

ஜெற்றின் தொழில்

ஜெற் என்பது எண்ணெயை அளந்து கொடுக்கும் ஒரு படி. அதன் நுண்ணிய துவாரத்தினூடாகச் செல்லும் எண்ணெய், உள்ளே இழுக்கப்படும் காற்றுடன் கலந்து எரிகின்றது. எண்ணெய் குறைந்தால் இயந்திரம் அளவு மீறிச் சூடேறி, நாளடைவில் வால்வும் பிஸ்டனும் பழுதடையும். எண்ணெய் மிகுந்தால் கரும்புகை தள்ளி, பிளக்கிற் கரி படியும். காசும் புகையாய்ப் போகும். 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். அளவு தவறிய ஜெற்றின் செலவு அதிலிருந்தே விளங்கும்.

குறிகள்

இயந்திரத்தின் வேகம் ஏறியும் இறங்கியும் ஊசலாடுதல், சோக்கை மூடிவைத்தால் மட்டும் ஓடுதல், நீர் இறைக்கும் பாரம் ஏறியதும் நின்றுவிடுதல் ஆகியன ஜெற் அடைபட்டமைக்குக் குறிகளாம். கரும்புகை வருமாயின் ஜெற்றைத் தொடுமுன் காற்று வடியைப் பாருங்கள். தூசி அடைந்த வடியும், முற்றாகத் திறவாத சோக்கும் அதே குறியைக் காட்டும்.

கழற்றும் முறை

1. இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். பிளக்கின் கம்பியைக் கழற்றி விடுக. அருகில் விளக்கோ சுருட்டோ இருத்தலாகாது.

2. எண்ணெய்த் தாங்கியின் குழாயை மூடுக. காபரேற்றரின் அடியிலுள்ள மிதவைக் கோப்பையில் நிற்கும் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்தெடுக்க. அதனைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றிய எண்ணெய் விரைவிற் கிணற்று நீரைச் சேரும்.

3. கோப்பையின் அடி ஆணியைக் கழற்றிக் கோப்பையை இறக்குக. விளிம்பிலுள்ள றப்பர் வளையம் அறாமற் காத்துக்கொள்க.

4. நடுத்தண்டினுள் ஜெற் தெரியும். வெட்டுக்கு அளவான திருப்புளியால் அதனைக் கழற்றுக. சிறிய திருப்புளி வழுக்கிப் பித்தளையைச் சிதைத்துவிடும். ஜெற்றின் மேலிருக்கும் துளையுள்ள சிறு குழலும் கீழே விழலாம். அது இருந்த முறையை மனத்திற் கொள்க.

துப்புரவு செய்தல்

ஜெற்றைச் சிறிது நேரம் பெற்றோலில் ஊறவிட்டு, சைக்கிள் பம்பினால் ஊதுக. பின்னர் வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க. துவாரம் வட்டமாகவும் தெளிவாகவும் தெரிதல் வேண்டும். அடைப்பு நீங்காவிடின், துவாரத்திலும் மெல்லிய தங்கூசி இழை ஒன்றை நுழைத்தெடுக்கலாம். ஊசி, இரும்புக்கம்பி என்பவற்றை ஒருபோதும் நுழைத்தலாகாது. பித்தளை மெதுவானது, துவாரம் பெருத்துவிடும். 0.70 மில்லிமீற்றர் விட்டமுடைய துவாரம் 0.80 ஆகப் பெருத்தால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆயினும் துவாரத்தின் பரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடுகின்றது.

கோப்பையின் அடியிற் சேறு, நீர், கறள் இருப்பின் துடைத்தெடுக்க. அவ்வழுக்குத் தாங்கியிலிருந்து வந்ததாதலால், தாங்கியையும் எண்ணெய் வடியையும் கழுவாவிடின் ஜெற் மீண்டும் அடைபடும்.

புதிய ஜெற் இடுதல்

ஜெற்றின் மேல் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். சில தயாரிப்புகளில் அது துவாரத்தின் விட்டத்தையும், வேறு சிலவற்றில் எண்ணெய் பாயும் அளவையும் குறிக்கும். ஆகையால் ஒரு தயாரிப்பின் 70 ஐ மற்றொன்றின் 70 எனக் கொள்ளலாகாது. கடைக்குச் செல்லும்போது பழைய ஜெற்றையும் இயந்திரத்தின் மாதிரி இலக்கத்தையும் கொண்டு செல்க. அதே இலக்கமுடையதையே வாங்குக. பூட்டும்போது கைவிரலாற் சுழற்றித் தொடங்கி, இறுக்கம் தட்டியதும் நிறுத்துக.

பெற்றோலுக்கு மட்டும் அமைந்த இயந்திரத்தின் ஜெற்றை மாற்றிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுதல் தவறு. மண்ணெண்ணெய் இயந்திரத்தில் அழுத்தமும் குறைவாகவே அமைக்கப்பட்டுள்ளது. அவ்வமைப்பில்லாத இயந்திரம் தட்டோசையுடன் ஓடிப் பழுதடையும்.

மலைநாட்டுக் கமக்காரருக்கு

இலக்கத்தை மாற்றுதற்கு நியாயமான காரணம் ஒன்றுண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைந்திருப்பதால், தாழ்நிலத்துக்கான ஜெற் அளவுக்கு மிஞ்சிய எண்ணெயைக் கொடுக்கும். உருளைக்கிழங்கு, கோவாத் தோட்டங்களில் எப்பொழுதும் உழைக்கும் இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் குறித்த சிறிய ஜெற்றை இடலாம். அவ்வியந்திரத்தைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுவந்தால், முதலிற் பழைய ஜெற்றை இடுதல் வேண்டும். இன்றேல் எண்ணெய் போதாமல் இயந்திரம் எரிந்து கெடும். ஆகவே கழற்றிய ஜெற்றை எறிந்துவிடாது பொதி செய்து வைத்திருங்கள்.

சோதித்தல்

எல்லாவற்றையும் பூட்டிய பின் எண்ணெயைத் திறந்து, கசிவு உண்டோ என்று சில நிமிடங்கள் பார்க்க. சிந்தியதைத் துடைத்த பின்னரே இயக்குக. திறந்த வெளியிலேயே இயக்குதல் வேண்டும். கிணற்றினுள் இறக்கியோ மூடிய கொட்டிலினுள்ளோ இயக்கினால், புகையிலுள்ள மணமற்ற நச்சுவாயு உயிரைக் கொல்லும். சோக்கை முற்றாகத் திறந்து, நீர் இறைக்கும் பாரத்துடன் சிறிது நேரம் ஓடவிடுக. பின்னர் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. பெற்றோலில் ஓடிய பிளக் இளங்கபில நிறமாயின் கலவை சரி. கருங்கரி படிந்திருப்பின் எண்ணெய் மிகுதி. வெளுத்திருப்பின் எண்ணெய் குறைவு.

அடைபடாமற் காத்தல்

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நிறுத்தச் சில நிமிடங்களுக்கு முன் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிடுக. அப்பொழுது கோப்பையிற் பெற்றோலே நிற்கும். மறுநாள் இலகுவில் இயங்கும். போகம் முடிந்து இயந்திரத்தை ஒதுக்கி வைக்கும்போது கோப்பையிலுள்ள எண்ணெயை முற்றாக வடித்துவிடுக. தேங்கிய பெற்றோல் நாட்பட்டுப் பிசினாகி ஜெற்றை அடைக்கும். நாற்று நடுமுன் ஒரு முறை இவ்வேலையைச் செய்து வைப்பின், பயிர் நீருக்கு வாடும் நாளில் இயந்திரத்தோடு போராட வேண்டியதில்லை.