கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

முன்னுரை

வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியும் ஒரு வயல் மட்டும் காய்ந்து கிடந்தால், உழவர் ஆற்றைத் திட்டமாட்டார், வயலையும் திட்டமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மதகிலிருந்து மடை வரையில் நடந்து பார்ப்பார். எங்கோ ஓரிடத்தில் அடைப்பு இருக்கும். அதை நீக்கினால் தண்ணீர் தானே பாயும். காவிரிப் பாசனத்திலே பிறந்து வளர்ந்த திருப்பனந்தாள் பிள்ளைகளாகிய எங்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் இதே பாடத்தை ஒரு மடிக்கணினியிடம் மறுபடியும் கற்போம் என்று நாங்கள் நினைத்ததில்லை. கற்றதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகிறோம்.

அக்காவுக்கு வந்த சோதனை

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பட்டப்படிப்பு முடித்து, கும்பகோணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே வேறு வேலை தேடி வந்தார். ஒரு நிறுவனத்திலிருந்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தின் வழியே நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்தது. மடிக்கணினியில்தான் அமர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாகப் பல ஏழை வீடுகளில் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. அக்காவின் மடிக்கணினியும் பள்ளி நாளில் அவ்வாறு வந்ததே. பழையதாகிவிட்டதே தவிர, பழுதாகிவிடவில்லை. வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’ வழியாகத்தான் அதற்கு இணையம்.

திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் தீபாவளிக்குப் புதிய கைப்பேசி வாங்கி வந்தார். பழைய கைப்பேசியில் இருந்த பெயரையே ஹாட்ஸ்பாட்டுக்கும் வைத்துக் கொடுத்தார். அன்றோடு தொல்லை தொடங்கியது. மடிக்கணினியின் திரையில் அந்தப் பெயர் தெரியவே இல்லை. அக்கா கணினியைப் பத்து முறை அணைத்துப் போட்டார். கடைக்காரர் ஒருவர், “பழைய பெட்டி அம்மா, புதிது வாங்கிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். பெரியம்மாவோ, “வாங்கப் பணம் எங்கேடி இருக்கிறது?” என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அன்று சனிக்கிழமை.

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி எல்லோரும் அறிந்த ஒரு வரலாறு உண்டு. சாய்ந்திருந்த இலிங்கத்தை அரசன் யானைகளைப் பூட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லையாம். குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி அன்போடு இழுத்தபோது நிமிர்ந்ததாம். பலம் மட்டும் போதாது என்பதை ஊரே நமக்குச் சொல்லித் தருகிறது. ஆயினும் பொத்தானை அழுத்தி அழுத்தியே காரியம் முடிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம்.

சிஸ்டர் கேட்ட கேள்வி

ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர்கள் விடை சொல்லவில்லை. “எது வேலை செய்யவில்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எதெது வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள்.

நாங்கள் நால்வரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அக்கா வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். மதகிலிருந்து மடைக்கு நடப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதினோம்.

1. கைப்பேசியில் மட்டும் இணையம் வருகிறதா? வருகிறது. ஆகவே கோபுரத்தின்மேல் குற்றமில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது.

2. புதிய கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மற்றொரு கைப்பேசிக்குத் தெரிகிறதா? தெரிகிறது, இணைகிறது. ஆகவே மதகும் திறந்திருக்கிறது.

3. மடிக்கணினியில் வைஃபை இயங்குகிறதா? ‘ஏரோப்ளேன் மோட்’ அணைந்துதான் இருந்தது. எதிர்வீட்டுச் சித்தியின் பழைய கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டோம். அந்தப் பெயர் உடனே திரையில் தெரிந்தது. ஆகவே வயலின் மடையும் அடைபடவில்லை.

எழுதியதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. பேசுபவருக்கு வாய் நன்றாக இருக்கிறது. கேட்பவருக்குக் காதும் நன்றாக இருக்கிறது. இருவருக்கும் இடையில்தான் ஏதோ பொருந்தவில்லை! ‘எது கெட்டது?’ என்று தேடிய வரையில் விடை கிடைக்கவில்லை. ‘எது பொருந்தவில்லை?’ என்று கேட்டபோதுதான் வழி பிறந்தது.

முதற் பூட்டு: அலை

வைஃபை என்பது வானொலி அலைகளால் செய்தி அனுப்பும் முறையாகும். இதற்கான முதல் உலகத் தரம் 1997இல் வெளியாயிற்று. 802.11 என்பது அதன் எண். இவ்வலைகள் பெரும்பாலும் இரண்டு பட்டைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். வகுப்பில் படித்த வாய்பாட்டைக் கொண்டு நாங்களே கணக்கிட்டோம். அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தது. ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். அதை 240 கோடியால் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர்; 500 கோடியால் வகுத்தால் 6 சென்டிமீட்டர். தேர்வுக்காக மட்டும் படித்த வாய்பாடு திண்ணையில் வந்து உதவுமென்று நாங்கள் கனவிலும் கருதவில்லை.

2.4 பட்டை பழையது. சுவர்களைத் தாண்டி அதிகத் தொலைவு செல்லும். ஆனால் கூட்டம் மிகுதி. புளூடூத்தும் அதே பட்டையில்தான் உலவுகிறது. நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் இயங்குகிறது. 5 பட்டை விரைவானது, நெரிசல் குறைந்தது. ஆனால் தடித்த சுவருக்குப் பின்னால் விரைவில் வலுவிழக்கும். புதிய கைப்பேசிகள் பல விரைவை விரும்பி 5 பட்டையில் ஹாட்ஸ்பாட்டைத் திறக்கின்றன. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கோ 2.4 மட்டுமே கேட்கும். எனவே அவற்றுக்கு அந்தப் பெயர் மங்கலாகக்கூடத் தெரியாது; அப்படி ஒன்று இல்லாதது போலவே இருக்கும்.

கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து, ‘பேண்ட்’ என்னும் இடத்தில் 5ஐ மாற்றி 2.4 என வைத்தோம். ஐபோன் 12 முதலான ஐபோன்களில் இதற்கு ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்று பெயர். அரை நிமிடம் சென்றது. அக்காவின் திரையில் அந்தப் பெயர் எழுந்தது! பெரியம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

இரண்டாம் பூட்டு: பழைய சாவி

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ‘இணைக்க முடியவில்லை’ என்று திரை சொன்னது. அண்ணன் பழைய பெயரை வைத்தாரே தவிர, கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றியிருந்தார். மடிக்கணினி அந்தப் பெயரைப் பார்த்ததும், யாரையும் கேளாமல், தன் நினைவில் இருந்த பழைய சாவியையே போட்டுத் திருகிக்கொண்டிருந்தது. பூட்டை மாற்றிய வீட்டில் பழைய சாவி நுழையுமா?

அப்பெயரின்மேல் வைத்து ‘ஃபர்கெட்’ என்பதை அழுத்தி மறக்கச் செய்தோம். பின் கடவுச்சொல்லைப் புதிதாக, பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்த்துப் பதித்தோம். இணைந்தது.

இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு முறையிலும் பழையது, புதியது உண்டு. டபிள்யூ.பி.ஏ. 2 என்பது 2004இலும், டபிள்யூ.பி.ஏ. 3 என்பது 2018இலும் வந்தவை. கைப்பேசி 3ஐ மட்டும் கேட்குமாறு அமைந்திருந்தால், பழைய கணினி இணையாது. அப்போது 2க்கு மாற்ற வேண்டும். ஆனால் தொல்லை தீர்ந்தால் போதுமென்று கடவுச்சொல்லையே எடுத்துவிடக் கூடாது. அது வாசற்கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் பூட்டு: நாள்

இணைந்த பின்னும் பக்கங்கள் திறக்கவில்லை. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கையே வந்தது. எங்களில் ஒருத்தி திரையின் மூலையைச் சுட்டிக்காட்டினாள். அங்கே எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய சனவரி முதல் நாள் இருந்தது!

கணினி அணைந்திருக்கும்போதும் நாளையும் நேரத்தையும் காக்க, உள்ளே காசு போன்ற ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் கணினி தன் பழைய நாளுக்குப் போய்விடும். இணையதளங்களுக்கு அடையாளச் சான்றிதழ் உண்டு. அது எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். கணினி பழைய நாளில் நின்றுகொண்டு பார்த்தால், எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவையாகத் தோன்றும். ஆகவே வாயிற்காவலரைப் போல எவரையும் உள்ளே விடாது. நாளையும் நேரத்தையும் சரி செய்தோம். பக்கம் மலர்ந்தது.

நினைவில் வைக்க வேண்டிய சில

மடிக்கணினி இணைந்தவுடன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கிக் கைப்பேசியின் ஒரு நாள் டேட்டாவையும் குடித்துவிடக்கூடும். அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவைத்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். யாரும் இணையாதபோது சில கைப்பேசிகள் ஹாட்ஸ்பாட்டைத் தாமே அணைத்துவிடும். அதையும் பார்க்க வேண்டும். எதுவும் பலிக்காவிட்டால், யு.எஸ்.பி. கம்பியால் இரண்டையும் பிணைத்து, ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் திறக்கலாம். ஆனால் மின்னேற்றத்துக்கு மட்டும் உதவும் கம்பிகளும் உண்டு. செய்தியையும் கடத்தும் கம்பியாக இருக்க வேண்டும்.

அலைகளை ஆண்ட அறிஞர்

கம்பியில்லாமல் செய்தி பாய்வது நம் நாட்டிலும் முன்பே தொடங்கிய கதையாகும். 1895இல் கல்கத்தாவில் சகதீச சந்திர போசு, மின்காந்த அலையைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1942இல் திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும், அதிர்வெண்ணை மாற்றி மாற்றித் தாவச் செய்து செய்தியைக் காக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். 1997இன் முதல் வைஃபை தரத்தில் இடம்பெற்ற முறைகளுள் அதிர்வெண் தாவலும் ஒன்று. அழகுக்காக மட்டும் புகழப்பட்ட ஒரு பெண்ணின் சிந்தனை அது என்பதை நம் மாணவியர் மறத்தலாகாது.

முடிவுரை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா தேர்வில் அமர்ந்தார். கைப்பேசி மின்னேற்றியில், மடிக்கணினிக்கு அருகிலேயே இருந்தது. நாங்கள் பள்ளியில் கணக்குப் பாடத்தில் இருந்தோம். மனம் மட்டும் அந்தத் திண்ணையில் இருந்தது.

அந்த வேலை அக்காவுக்குக் கிடைக்கவில்லை. உண்மையை மறைப்பதில் பயனில்லை. எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா, “கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் தோற்றேன், அது என் கையில் இருக்கிறது, அடுத்த முறை படித்துக்கொள்வேன். வாசலுக்கே போக முடியாமல் தோற்றிருந்தால் காலமெல்லாம் உறுத்தியிருக்கும்” என்றார். ஒரு மாதம் சென்று மற்றொரு தேர்வு வந்தது. அன்று எங்களை அழைப்பார் என்று காத்திருந்தோம். அழைக்கவில்லை. நாளைச் சரி பார்த்து, பட்டையை மாற்றி, தாமே இணைத்து அமர்ந்திருக்கிறார். சாயங்காலம் மிட்டாயுடன் வந்தபோதுதான் எங்களுக்குச் செய்தியே தெரிந்தது.

சிஸ்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னோம். “வேலை கிடைத்தது நல்லதுதான். ஆனால் உங்களை அழைக்கவில்லை அல்லவா? அதுதான் உங்களுக்குக் கிடைத்த மதிப்பெண்” என்றார்கள்.

தோழியரே! வீட்டிலே ஒரு பொருள் இயங்கவில்லையென்றால், “கெட்டுவிட்டது” என்று முதலில் சொல்லாதீர்கள். தாளையும் பென்சிலையும் எடுங்கள். எதெது இயங்குகிறது என்று மதகிலிருந்து மடை வரையில் நடந்து எழுதுங்கள். அடைப்பு தானே கண்ணில் படும்.