பதினோரு மணி மாத்திரை

பார்க்கின்சன் நோயாளிகளைப் பராமரிப்பது பற்றி நர்சுகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்கும் மருத்துவமனைகளிடம் நான் முதலில் விசாரிப்பது, வார்டில் மருந்து கொடுக்கும் நேரத்தைத்தான். பெரும்பாலும் ஒரே பதில் வரும்: காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. பல மருந்துகளுக்கு அது போதும். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவுக்குப் போதாது. நோய் வந்து சில ஆண்டுகள் ஆனவர்களுக்கு அந்த மாத்திரை நாளுக்கு ஐந்து, ஆறு வேளைகூடத் தேவைப்படும். வீட்டில் ஆறு, எட்டரை, பதினொன்று, ஒன்றரை, நான்கு என்று கணக்காகச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தவர், காய்ச்சலுக்கோ இடுப்பெலும்பு முறிவுக்கோ அட்மிட் ஆனதும் படுத்த படுக்கையாகிவிடுவார். நோய் திடீரென்று முற்றிவிட்டதாக வீட்டார் பயப்படுவார்கள். பல நேரம் மாத்திரை தள்ளிப்போனதுதான் காரணமாக இருக்கும்.

நர்சிங் டியூட்டராக இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காரணம் சொல்லாமல் நேரத்தை மட்டும் வலியுறுத்தினால் அது இன்னொரு விதியாகப் போய்ச் சேரும். வேலை நெருக்கடியில் முதலில் விடுபடுவது அதுவாகத்தான் இருக்கும். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். மூளையில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. மூளைக்குப் போகும் முன் அது வீணாகாமல் தடுக்கும் கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும், ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். தொடக்கத்தில், மிச்சமிருக்கும் செல்கள் அதைச் சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். போகப்போக அந்தத் திறன் குறைந்து, நோயாளியின் அசைவு முழுக்க அடுத்த வேளை மாத்திரையை நம்பியதாகிவிடுகிறது. இன்று பார்க்கின்சன்ஸ் யூகே என்று அறியப்படும் பிரிட்டிஷ் அமைப்பு, மருந்து நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2006இல் ஓர் இயக்கம் தொடங்கியது. குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்கு மேல் தள்ளக் கூடாது என்பது அவர்கள் வைக்கும் அளவு. நம் வார்டுகளுக்கும் அதையே நான் சொல்கிறேன்.

முடிந்தபோதெல்லாம், சம்மதிக்கும் ஒரு நோயாளியையும் அவர் வீட்டாரையும் வகுப்புக்கு அழைத்துவிடுவேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பதினோரு மணி மாத்திரைக்குச் சற்று முன்பு, முந்தைய வேளை மருந்தின் பலன் தீர்ந்துபோன ‘ஆஃப்’ நேரத்தில், அவர் வகுப்பறை வாசலுக்கு வந்து நின்றார். நின்றார் என்றால், வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் அசையவில்லை. குதிகால் மட்டும் படபடவென்று துடித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு நர்ஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். “இழுக்காதீங்க சிஸ்டர், விழுந்துடுவாரு” என்றார் மனைவி. தன் பாதத்தைக் கணவரின் கால் முன்னால் குறுக்கே வைத்து, “இதத் தாண்டி வாங்க” என்றார். அவர் தாண்டி உள்ளே வந்துவிட்டார். யோசிக்காமல் தானாக நடக்கும் வழி மூளையில் தடைபட்டாலும், கண் பார்த்து நடக்கும் வழி இன்னும் வேலை செய்கிறது என்பதை எல்லோரும் அங்கேயே பார்த்தார்கள்.

பதினோரு மணிக்கு மாத்திரை போட்டார். பதினொன்றே முக்காலுக்குள் தானே எழுந்து சட்டைக் கைப் பட்டனை மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்: “போன தடவ அட்மிட் ஆனப்போ இந்த மாத்திரைய ரெண்டு மணிக்குத்தான் குடுத்தாங்க. அதுவரைக்கும் புரண்டு படுக்க முடியாம கெடந்தாரு. நேத்து நல்லாத்தானே நடந்தாரு, இன்னைக்கு வேணும்னே பண்றாருன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு.” அறையில் யாரும் பேசவில்லை. எந்த ஸ்லைடும் இந்த வேலையைச் செய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? ஒருவர் பத்து மணிக்கு முடங்கிக் கிடந்து பன்னிரண்டு மணிக்கு நடப்பார் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். இந்த நோயில் முகத்தசைகளும் இறுகிப்போவதால் சிரிப்போ வருத்தமோ முகத்தில் தெரியாது. குரலும் தணிந்துவிடும். கேட்டதற்குப் பதில் சொல்லாத, முறைத்துப் பார்க்கிற ஆள் என்று பெயர் வாங்கியவர்கள் நிறைய. பதிலுக்கு அரை நிமிடம் காத்திருங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன்.

அடுத்து நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது ஆபத்தான மருந்துகளுக்கு. இரவில் வாந்தி என்றால் கை தானாகப் போவது பெரிநார்ம், ஸ்டெமெட்டில் ஊசிகளுக்கு. இரண்டும் டோபமைனைத் தடுப்பவை; பார்க்கின்சன் நோயாளியை அப்படியே முடக்கிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு குழம்பிப் பேசுகிறார் என்று போடும் ஹாலோபெரிடாலும் அப்படித்தான். வாந்திக்கு டோம்பெரிடோன், குழப்பத்துக்கு குவெட்டியாபின் போன்ற மாற்றுகளை, இதயத்தின் நிலையையும் பார்த்து, மருத்துவர் முடிவுசெய்யட்டும். ஆனால் அவரிடம் கேட்க நர்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களை ஊசி மருந்து அலமாரியின் கதவிலேயே ஒட்டச் சொல்கிறேன். புறநோயாளிப் பிரிவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் சின்னரிசைன், ஃப்ளூனரிசைன் சாப்பிடும் முதியவர்களுக்கு, பார்க்கின்சன் போலவே நடுக்கமும் இறுக்கமும் வரலாம். பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். நாட்டு மருந்து சாப்பிடுகிறாரா என்றும் தன்மையாகக் கேளுங்கள். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதுவும் கணக்கில் வர வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்றால் லெவோடோபா மாத்திரையையும் நிறுத்திவிடும் பழக்கம் இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு வாய்த் தண்ணீரோடு தரலாமா என்று மயக்க மருந்து மருத்துவரிடம் முந்தைய நாளே கேட்டுவிட வேண்டும். மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டிருந்தால் சாதாரண மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாம். சிஆர் என்று போட்டிருக்கும், மெதுவாக மருந்தை வெளிவிடும் மாத்திரையை நுணுக்கவே கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் சமையலறைப் பொறுப்பாளரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். பருப்பு, முட்டை, பால் போன்ற புரதங்கள் லெவோடோபாவோடு போட்டியிடுவதால் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் தள்ளி வைக்க வேண்டும். ஊட்டுவதை மருந்து வேலை செய்யும் ‘ஆன்’ நேரத்தில், நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லிச் செய்ய வேண்டும். புரையேறி வரும் நிமோனியா இந்த நோயாளிகளைக் கொண்டுபோகும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அவரைத் தனியே கழிவறைக்கு அனுப்பாதீர்கள்.

நர்சுகளின் பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி தேவை. அந்த மணிகள் பெரும்பாலும் அரங்குகளில் கழிகின்றன. அரங்கு வகுப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வருபவர்கள் பகல் ஷிப்ட்காரர்கள். நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கும் அட்டெண்டரும், இரவு இரண்டு மணிக்கு வாந்தியைப் பார்க்கும் நர்சும் அங்கே இருப்பதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் வார்டிலேயே, அங்கிருக்கும் நோயாளியை வைத்து இருபது நிமிடம் பேசுவது அதைவிடப் பலன் தருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்குப் போகும் பிசியோதெரபிஸ்டுகளையும் இதில் சேர்க்க வேண்டும். வாசலில் கால் ஒட்டிக்கொள்வதை நேரில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: டிரக் சார்ட்டில் லெவோடோபா என்ற இந்த ஒரு மருந்துக்கு மட்டும் டிடிஎஸ் (நாளுக்கு மூன்று வேளை) என்று எழுதாமல், மணி நேரத்தை எழுத அனுமதியுங்கள். வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் மாத்திரை நேரங்களை ஒரு தாளில் எழுதி, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும்போது வார்டு சிஸ்டரிடம் கொடுக்கும் முதல் தாள் அதுவாக இருக்கட்டும்.