சைவ உணவு உண்போருக்கு ஊட்டச்சத்து ஆலோசனை

நிலக்கடலைப் பயிர் மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். அடி இலைகளில் மஞ்சள் தொடங்கினால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. இரும்புக் குறைக்கு யூரியா இட்டால் செலவுதான் மிஞ்சும். அன்னபேதி உப்புக் கரைசலைத் தெளித்தால் பயிர் தேறும். எனவேதான் குறையை அறிந்து உரமிடுங்கள் என்று கூறுகிறோம்.

உடலுக்கும் இது பொருந்தும். சைவ உணவு உண்ணும் குடும்பங்களும், அசைவம் உண்டாலும் மாதம் ஓரிரு முறைக்கு மேல் உண்ண வசதியில்லாத குடும்பங்களும் நம் கிராமங்களில் பல உள்ளன. தானியம், பருப்பு, கீரை, காய், பழம், பால் ஆகியவை முறையாகச் சேர்ந்தால் சைவ உணவு நல்ல உணவே. அதை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் சில சத்துகள் இதில் எளிதில் குறையும். எது குறைகிறது என்பதைத் தகுதி உடையவரிடம் கேட்டறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கவனிக்க வேண்டிய சத்துகள்

புரதம்: அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமை பெறும். மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல அளவு.

இரும்பு: கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றில் இரும்பு உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றை உணவோடு சேர்த்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பாட்டுடன் காப்பி, தேநீர் அருந்தினால் ஏற்பது குறையும்.

வைட்டமின் பி-12: சைவ உணவில் மிகுந்த கவனம் தேவைப்படுவது இதுவே. இச்சத்தைப் பயிர்கள் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு இதைத் தயாரிக்க, பால் வழியாக அது நமக்குக் கிடைக்கிறது. கீரையோ, இட்லி மாவோ, சுருள்பாசியோ இதற்கு ஈடாகா.

இரத்தசோகை ஒன்று, காரணம் பல

களைப்பு, மூச்சு வாங்குதல், வெளுத்த கண் இமை ஆகியவற்றைக் கண்டதும் பலர் கடையில் இரும்பு டானிக் வாங்கிக் குடிக்கிறார்கள். இரும்புக் குறையாலும் இரத்தசோகை வரும்; பி-12 குறையாலும் வரும்; குடற்புழுவாலும் வரும். பி-12 குறைக்கு இரும்பு டானிக் பயன்படாது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. ஃபோலிக் அமிலம் மட்டும் மிகுதியாக உட்கொண்டால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும்; உள்ளே நரம்புகள் தொடர்ந்து கெடும். கால் மரத்தல், பாத எரிச்சல், நடையில் தள்ளாட்டம், மறதி, நாக்குப் புண் ஆகியவை இதன் அறிகுறிகள். நெடுநாள் கவனியாது விட்டால் நரம்புச் சேதம் முழுவதும் சீராகாமல் போகலாம்.

கல்லீரலில் பி-12 சில ஆண்டுகளுக்கு இருப்பாக இருக்கும். ஏரியில் நீர் இருக்கும்வரை மடையில் குறை தெரியாததுபோல, இந்த இருப்பு தீரும்வரை குறை வெளியில் தெரிவதில்லை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்களுக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் உண்பவர்களுக்கும் பி-12 குறைய வாய்ப்பு அதிகம். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் இது குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

யாரிடம் செல்வது?

முதற்படி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அங்கு ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை எனக் கொள்வர். மேற்கூறிய அறிகுறிகள் இருந்தால் பி-12 பரிசோதனை தேவையா, அதை எங்கே செய்யலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாம் படி உணவியல் வல்லுநர். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இவர்கள் உள்ளனர். மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கிச் செல்வது நலம். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளின் தாய்மாரும் கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் முதலில் அணுகலாம்.

மூன்றாவது, வேளாண் அறிவியல் நிலையம். பல நிலையங்களில் மனையியல் வல்லுநர் பணிபுரிகிறார். எந்தப் பயிரை எப்படிச் சமைத்தால் சத்து வீணாகாது என்பதை இவரிடம் கேட்டறியலாம். நோய்க்கு மருத்துவம் கூறுவது இவர் பணியன்று.

எதைக் கொண்டு செல்ல வேண்டும்?

மண் பரிசோதனைக்கு ஒரே இடத்தில் மண் எடுத்தால் முடிவு தவறும் அல்லவா? அதுபோல ஒரு நாள் உணவை மட்டும் சொன்னால் போதாது. கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

1. மூன்று நாள் உணவு விவரம். இரண்டு வேலை நாட்களும், ஒரு விரத நாள் அல்லது விசேட நாளும் இருக்கட்டும். காப்பி, நொறுக்குத் தீனி உட்பட யாவற்றையும் தம்ளர், கரண்டி, ஆழாக்குக் கணக்கில் எழுதுக.
2. வீட்டுப் பெண்கள் உண்பதைத் தனியே எழுதுக. எல்லோருக்கும் பரிமாறியபின் மிஞ்சியதை அவர்கள் உண்பதால் அவர்களுக்கே குறை அதிகம்.
3. மாதம் வாங்கும் பருப்பு, எண்ணெய் அளவு; கறக்கும் பாலில் வீட்டுக்கு நிறுத்தும் அளவு.
4. உண்டுவரும் மாத்திரைகளின் அட்டைகள், முந்தைய பரிசோதனைச் சீட்டுகள்.
5. நிலத்திலும் கொல்லையிலும் எந்தப் பருவத்தில் என்ன விளைகிறது என்ற விவரம்.

ஒரு மாதிரிக் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குப் புரதம் 54 கிராமும், பி-12 சத்து 2.2 மைக்ரோகிராமும் தேவை.

ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி, 30 கிராம் துவரம்பருப்பு, சிறிது காய்கறி, 100 மில்லி காப்பிப் பால் உண்பதாகக் கொள்வோம். அரிசியில் ஏறத்தாழ 30 கிராம், பருப்பில் 6 கிராம், மற்றவற்றில் 6 கிராம் என மொத்தம் 42 கிராம் புரதம் கிடைக்கும். 12 கிராம் குறைகிறது. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலும் 20 கிராம் வறுத்த நிலக்கடலையும் சேர்த்தால் 13 கிராம் கூடும், குறை தீர்ந்தது.

பி-12 கணக்கு அவ்வளவு எளிதன்று. 200 மில்லி பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இச்சத்து உள்ளது. காப்பிப் பாலில் கிடைப்பது அதில் பாதி. தேவையைப் பாலால் மட்டும் ஈடுசெய்ய ஏறத்தாழ அரை லிட்டர் பாலோ தயிரோ வேண்டும். கறந்த பால் முழுவதையும் சங்கத்திற்கு ஊற்றிவிட்டு, நீர்மோர் மட்டும் குடிக்கும் குடும்பத்தில் குறை வருவதில் வியப்பில்லை. பாலை விற்காமல் இருக்க இயலாது என்பதை நாம் அறிவோம். எவ்வளவு நிறுத்தலாம், மீதிக்கு மாத்திரை தேவையா என்பதே வல்லுநரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மாத்திரை விலை பெரிதன்று. ஆனால் அளவை மருத்துவரே கூற வேண்டும். பாலும் தவிர்ப்பவர்களுக்கு மாத்திரையோ, பி-12 செறிவூட்டிய உணவோ இன்றியமையாதது.

கேட்க வேண்டியவை

எனக்குக் குறையும் சத்து எது? அதை உணவாலேயே சரிசெய்ய முடியுமா? மாத்திரை எனில் எத்தனை நாள், எந்த நேரத்தில்? என் வருமானத்திற்குள் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்? மறு பரிசோதனை எப்போது? இவ்வைந்து கேள்விகளையும் தாளில் எழுதிச் சென்று, விடையையும் எழுதி வாங்குக.

ஏமாற வேண்டாம்

உரக்கடையில் கேட்டால் கடையில் இருக்கும் உரத்தையே சொல்வார்கள். சத்து மாவு, புரத டப்பா விற்பவரின் யோசனையும் அத்தகையதே. உணவு விவரத்தையும் உண்ணும் மருந்துகளையும் கேளாமல் சீட்டு எழுதுபவரையும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். உணவியல் அல்லது ஊட்டச்சத்துப் பாடத்தில் முறையான பட்டம் பெற்றவரா எனக் கேட்பதில் தவறில்லை. 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று உணவியல் வல்லுநர்களையும் மருத்துவம் சார்ந்த தொழிலர்களாக ஏற்றுள்ளது.

ஆலோசனையைக் கொல்லையில் நிறைவேற்றுதல்

வல்லுநர் கூறும் உணவில் பெரும்பகுதியை நாமே விளைவிக்கலாம். வரப்பில் துவரை, தட்டைப்பயறு. கிணற்றடியில் முருங்கை, அகத்தி, தண்டுக்கீரை. வேலியோரம் எலுமிச்சை, கொய்யா, நெல்லி. அறுவடையில் விதைக்கு எடுத்து வைப்பதுபோல வீட்டுச் செலவுக்கான பயறையும் முதலிலேயே எடுத்து வைத்து, மீதியை விற்பனைக்கு அனுப்புக.

ஆண்டுக்கு ஒரு முறை மண்ணைப் பரிசோதிக்கும் உழவர், தம் குடும்பத்தாரின் இரத்தத்தையும் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிக்கச் செய்வாராக. கால் மரத்துப் போகிறது என்று பெரியவர் யாரேனும் கூறினால் முதுமை என்று ஒதுக்காமல், அந்த வாரமே சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க. உரிய காலத்தில் கண்டால் எளிதில் தீரக்கூடிய குறை இது.