கிறிஸ்டியானியாவுக்குப் பின்வாசல் வழியாகப் போங்கள்

கோபன்ஹேகன் போகிறவர்களில் பலர் அங்குள்ள கிறிஸ்டியானியா என்ற சுதந்திரக் குடியிருப்பை அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பிரின்ஸஸ்கேடே தெருப் பக்கமுள்ள முகப்பில் நுழைந்து, சுவரோவியங்களையும் டி-ஷர்ட் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் "இவ்வளவுதானா?" என்றுதான் தோன்றும். என்னைக் கேட்டால், முதல் தடவை போகிறவர் அந்த முகப்பைக் கடைசியில் பார்த்தால் போதும்.

நிலையத்திலிருந்து டோர்வேகேடே சாலையில் அமாகர் பக்கமாக நடங்கள். அகழியைத் தாண்டியதும் இடப்புறம் டிஸ்ஸன் என்ற கரைப்பாதை பிரியும். நகரைக் காக்க 17ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய மண்கோட்டையும் அகழியும்தான் இன்று தோப்பும் ஏரியுமாகத் தெரிகின்றன. நீரோரம் ஆளுக்கொரு விதமாகக் கட்டிக்கொண்ட வீடுகள். பழைய ஜன்னல்களைக் கோத்தே எழுப்பிய கண்ணாடி வீடு ஒன்று உண்டு. கட்டடக் கலைஞரின் வரைபடம் இல்லாமல் கை போன போக்கில் வளர்ந்தவை பல. அதனாலேயே ஒவ்வொன்றின் முன்னாலும் கால் நின்றுவிடும்.

இதே கரையில் மரங்களுக்கு நடுவே ஒரு கான்கிரீட் தளம் கிடக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். அமைதிக்காலச் சட்டத்திலிருந்து நீக்கியிருந்த மரண தண்டனையைப் போருக்குப்பின் டென்மார்க் திரும்பக் கொண்டுவந்தது. நாஜிகளுக்குத் துணைபோனவர்களை 1946 முதல் 1950 வரை இங்கே சுட்டுக் கொன்றார்கள். இரத்தம் வடிவதற்கு வைத்த வடிகால் இன்னும் இருக்கிறது. ஹிப்பிகளின் சொர்க்கம் என்று மட்டும் கேள்விப்பட்டு வருகிறவருக்கு இது ராணுவ நிலமாக இருந்தது என்பது அங்கேதான் உறைக்கும்.

டிஸ்ஸபுரோன் மரப்பாலத்தைக் கடந்தால் குடியிருப்பின் நடுப்பகுதி. ராணுவம் காலி செய்த பாசறை வேலியை 1971இல் அக்கம்பக்கத்தார் பிய்த்தது பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்றுதான். பின்னாலேயே வீடில்லாத இளைஞர்கள் குடியேறி, சுதந்திர நகரம் என்று அறிவித்துவிட்டார்கள். ஏறத்தாழ 34 ஹெக்டேர் நிலம். அதில் ஒரு பகுதியைக் குடியிருப்பவர்கள் தங்கள் அறக்கட்டளை மூலம் அரசிடமிருந்து வாங்கத் தொடங்கியது 2012இல். இங்கே யாருக்கும் சொந்த வீடு கிடையாது. விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. வீடு காலியானால் அடுத்து யார் வருவது என்று அந்தப் பகுதிக்காரர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே யாரையும் தெரியாதவருக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்புதான்.

கஞ்சா விற்ற புஷர் தெருவைக் குடியிருப்பவர்களே 2024 ஏப்ரலில் பெயர்த்தெடுத்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப்போகலாம் என்றார்கள். வன்முறையும் கும்பல்களும் அவர்களை அந்த அளவுக்கு வெறுப்பேற்றியிருந்தன. யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்; டென்மார்க்கில் கஞ்சா சட்டவிரோதம்தான்.

படம் எடுப்பதில் கவனம் வேண்டும். அறிவிப்புப் பலகை இல்லாத இடத்திலும் ஆளையோ வீட்டு வாசலையோ எடுக்குமுன் கேட்டுவிடுவேன். சிலர் சிரித்துக்கொண்டே மறுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே கார் கிடையாது. ஆனால் முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள்கள் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும். 1984இல் இங்கேதான் அவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். நாய்கள் கயிறில்லாமல் திரியும். பயப்படுகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பசித்தால் மோர்கன்ஸ்டெடெட் என்ற சைவ உணவகம். சாலட்டும் பருப்பும் தட்டு நிறைய வரும், காரம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். கரைப்பாதையை முற்பகலில் முடித்துக்கொள்ளுங்கள். கோடையில் அவசரமில்லை. பக்கத்திலுள்ள வோர் ஃப்ரெல்சர்ஸ் தேவாலயக் கோபுரத்தில் 400 படிகள், கடைசி 150 வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு ஏறும். பலத்த காற்றடித்தால் மூடிவிடுவார்கள். ஆகவே காற்று அடங்கியிருந்தால் முதலில் கோபுரம், பிறகு கரை.