பழைய டீசல் வேன்களில் எண்ணெய்த் தடையைக் கண்டறியும் முறை

உத்திரமேரூர் வட்டத்தில் நவரை நெல் களத்திற்கு வரும் சித்திரை மாதத்தில், மூட்டை ஏற்றிய பழைய டீசல் வேன் நடுவழியில் நின்றுவிட்டால் உண்டாகும் நஷ்டம் நிலமுடையோர் அறியாததன்று. அரசாங்கக் கொள்முதல் நிலையங்களில் சாதாரண விதிப்படி 17 சதவீதத்திற்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல் ஏற்கப்படுவதில்லை. வழியில் ஒரு கோடை மழை பிடித்துக்கொள்ளின், நின்ற வண்டியிலுள்ள நெல்லின் கதி சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு நின்ற வண்டியில் முதலாவதாக இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. இது பெருந்தவறு. அப்பம்பிற்குள் இயங்கும் தண்டிற்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள சந்து ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கியதில் சில பங்கே. களத்துத் தூசியில் அதைத் திறப்பதினும் திறவாதிருப்பதே நலம். பழுது பெரும்பாலும் அதற்கு முன்னே, டேங்கிலிருந்து வரும் வழியிலேயே இருக்கும்.

முதலில் புகையைக் கவனிக்க. ஸ்டார்ட்டர் சுழலும்போது புகையே தோன்றாவிடின் எண்ணெய் யந்திரத்திற்குள் செல்லவில்லை என்பது பெரும்பாலும் நிச்சயம். வெண்புகை தோன்றியும் ஓடாவிடின், எண்ணெய் சென்றும் எரியவில்லை. பாரத்தில் கரும்புகை கக்கி வலுவிழந்தால், காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும்; அது வேறு நோய்.

இவ்வட்டத்துக் கிராமமொன்றில் ஒரு விவசாயியின் வேன், காலையில் பலமுறை கைப்பம்பு அடித்தாலன்றிப் புறப்படாது. ஏரிக்கரை மேடு ஏறுகையில் தயங்கி நின்றுவிடும். அவர் இருமுறை பில்டரை மாற்றி, இன்ஜெக்ஷன் பம்பையும் பட்டணத்தில் பழுது பார்த்துப் பெரும்பொருள் செலவிட்டும் குணமில்லை. யாம் அவர் களத்திலேயே ஒரு பரீக்ஷை செய்து பார்த்தோம். டேங்கிலிருந்து வரும் குழாயைப் பீட் பம்பின் வாயிலில் கழற்றிவிட்டு, பம்பிற்கு மேலான உயரத்தில் சுத்தமான டீசல் கேன் ஒன்றை வைத்து, ஒரு ஹோஸ் மூலம் அவ்வாயிலில் இணைத்தோம். யந்திரம் நின்ற இடத்திலேயே எவ்வளவு வேகங்கூட்டியும் தயங்கவில்லை. ஆகவே குற்றம் டேங்கிற்கும் பம்பிற்கும் இடையே என்பது தெளிவாயிற்று. பின்பு பழைய குழாயையே பூட்டி, இடையில் ஒரு சாண் அளவு கண்ணாடிபோல் தெளிந்த ஹோஸைச் சேர்த்தபோது, அதில் குமிழிகள் வரிசையாகச் சென்றன.

வண்டியின் அடியில் ஒரு சொட்டு எண்ணெயும் கசியவில்லையே என்று அவர் வியந்தார். இப்பகுதியில் பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது. ஆகையால் வெடிப்பு வழியே எண்ணெய் வெளிவராமல் காற்றே உட்புகும். எண்ணெய் அழுத்தத்தால் சுருங்காது என்றே சொல்லலாம், காற்றோ சுருங்கும். எனவே காற்றுக் கலந்தவிடத்துப் பம்பின் விசை காற்றை நசுக்குவதிலேயே கழிந்து, நாசில் திறப்பதற்குரிய அழுத்தம் உண்டாவதில்லை. இதனையே மெக்கானிக்குகள் ‘ஏர் பிடித்தது’ என்பர். டேங்கின் அருகே கிளிப்பின் கீழ் ரப்பர் ஹோஸ் மயிரிழையளவு வெடித்திருந்தது. ஒரு முழ ஹோஸும் இரண்டு கிளிப்புகளும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

கேன் வைத்தும் குணமில்லையாயின், பில்டர், பீட் பம்பு ஆகியவற்றை முறையே பார்க்க. சாவியால் நிறுத்தப்படும் வண்டிகளில், பம்பிலுள்ள எண்ணெய் நிறுத்தும் சோலினாய்டின் ஒயர் கழன்றிருப்பினும் எண்ணெய் அற்றுப்போம்.

குமிழியின்றி, சில மைல் ஓடி நின்று, சற்று ஆறியபின் மறுபடி ஓடுமாயின் அடைப்பென்று கொள்க. டேங்கு மூடியைத் திறக்கையில் காற்று ‘உஸ்’ என்று உள்ளிழுக்குமானால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டது. அன்றேல் டேங்கின் அடியில் தங்கிய ஜலத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுத்த சேறாகி உறிஞ்சு குழாயின் சல்லடையை மூடியிருக்கும். டேங்கை வடித்துக் கழுவ வேண்டும்.

பழுது நீங்கியபின், பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை கைப்பம்பு அடித்து இறுக்குக. நசுங்கிய செம்பு வாஷரையே மறுபடி போடுவது அற்பச் சிக்கனம். நாசில் குழாய்களைத் தளர்த்தும்போது பீறிடும் எண்ணெய்க்கு எதிரே கையை ஒருபோதும் நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும்.