கரண்ட் வைப்பதற்கு முன்: இளம் பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

பி.பி.டி. முடித்து வேலையில் சேரும் பலருக்கும் முதலில் ஒப்படைக்கப்படுவது மின்சிகிச்சைக் கட்டில்கள்தான். டென்ஸ், ஐ.எஃப்.டி., ஸ்டிமுலேட்டர் என வரிசையாக மெஷின்கள். வெளியே கூட்டம். "பத்து நிமிஷம் கரண்ட் வெச்சு அனுப்புங்க" என்பதே பல இடங்களில் முதல் உத்தரவு. அப்படியே பழகிவிட்டால், ஐந்து வருடம் கழித்தும் பேட் ஒட்டும் ஆளாகவே இருப்பீர்கள். அதே மெஷினை நோக்கம் தெரிந்து கையாண்டால், படுத்துக் கிடந்தவரை நடக்க வைக்கும் சிகிச்சையாளராக வளர்வீர்கள்.

இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே: ஸ்விட்சைத் தொடும் முன் "இந்தக் கரண்ட் இவருக்கு எதற்கு?" என்று ஒரு வரியில் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மெஷினை ஆன் செய்யாதீர்கள்.

வலிக்கு: டென்ஸ்

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வலிக் கதவுக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். தொடு உணர்வைக் கொண்டுவரும் பருத்த நரம்பிழைகளைத் தூண்டினால், தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலே போவது தடைப்படும் என்பது அதன் சாரம். டென்ஸ் வேலை செய்வதற்கான முதல் விளக்கம் இதுதான்.

வழக்கமான டென்ஸுக்கு 80 முதல் 120 ஹெர்ட்ஸ், பல்ஸ் அகலம் 50 முதல் 100 மைக்ரோ செகண்ட் வரை வைக்கலாம். நோயாளிக்கு நல்ல விறுவிறுப்பு தெரிய வேண்டும். தசை துடிக்கக் கூடாது. சில நிமிடங்களில் உணர்வு மங்கும், அப்போது அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். பேட் ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும் இடங்களில் டென்ஸ் பலன் தராததற்கு, கரண்ட் போதாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம்.

நாள்பட்ட வலிக்கு 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையான குறைந்த அலைவெண்ணும், அகலமான பல்ஸும் உண்டு. இதில் தசை லேசாகத் துடிக்கும். பலன் மெதுவாக வரும், ஆனால் கூடுதல் நேரம் நிற்கும்.

டென்ஸ் நோயைத் தீர்ப்பதில்லை. வலி குறையும் நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தில் முட்டியை மடக்க, இடுப்பை அசைக்க, நடக்க வையுங்கள். முடிந்தால் பேட் ஒட்டியிருக்கும்போதே பயிற்சியைத் தொடங்குங்கள்.

பலமிழந்த தசைக்கு

முட்டி அறுவைக்குப் பிறகு குவாட்ரிசெப்ஸ் தசை படுத்துவிடும். தசையும் நரம்பும் நன்றாகவே இருக்கும். வீக்கத்தாலும் வலியாலும் மூளையின் கட்டளை முழுதாகத் தசைக்கு வராது. மின்தூண்டல் தன் மதிப்பைத் தெளிவாகக் காட்டும் இடம் இது.

அறுவை செய்த மருத்துவரின் அனுமதியோடு தொடங்குங்கள். நோயாளியை உட்கார வைத்து, கால் அசையாதபடி கட்டுங்கள். ஒரு பெரிய பேட் தொடையின் மேல் வெளிப்பக்கம், இன்னொன்று முட்டிக்கு மேலே உள்பக்கம். 50 ஹெர்ட்ஸ், 300 மைக்ரோ செகண்ட் நல்ல தொடக்கம். 10 விநாடி சுருக்கம், 50 விநாடி ஓய்வு என 10 முதல் 15 சுருக்கங்கள் போதும்.

இவ்வளவு நீண்ட ஓய்வு எதற்கு என்று கேட்பார்கள். நாம் தானாக இறுக்கும்போது உடல் இழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்கும். கரண்டோ அதே இழைகளை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப இயக்குகிறது. அதனால் தசை சீக்கிரம் களைத்துவிடும். ஓய்வைச் சுருக்கினால் ஐந்தாவது சுருக்கத்திலேயே பலம் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அளவில் தயங்க வேண்டாம். லேசான துடிப்பால் பலம் வராது. நோயாளி தாங்கும் எல்லை வரை, தசை முழுதாக இறுகும்படி கூட்ட வேண்டும். "கரண்ட் வரும்போது நீங்களும் சேர்ந்து இறுக்குங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின்

1961-ல் லிபர்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாதம் தொங்கும் பக்கவாத நோயாளிகளுக்கு ஒரு கருவி செய்தார்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் முட்டிக்கு வெளிப்பக்கம் போகும் பெரோனியல் நரம்புக்குக் கரண்ட் போகும். பாதம் மேலே தூக்கும். விரல் தரையில் இழுபடாமல் அடி எடுத்து வைக்கலாம். நடக்கும் நேரத்தோடு கரண்டை இணைத்ததுதான் இதன் சிறப்பு.

நேரத்தைப் பொருத்தும் பாடம் எல்லாச் சிகிச்சைக்கும் பொருந்தும். படுக்க வைத்துப் பாதத்தைத் துடிக்க வைப்பதைவிட, நிற்க வைத்து, அடி எடுக்கும் கணத்தில் கை ஸ்விட்சால் தூண்டுவது நடைக்கு நெருக்கமான பயிற்சி. கைக்கும் அப்படியே: மணிக்கட்டு நிமிரும்போது ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தோள் மூட்டு இறங்கியிருந்தால் சுப்ராஸ்பைனேட்டஸ், பின் டெல்டாய்டு தசைகளை ஆரம்ப நாட்களிலேயே தூண்டலாம். கூடவே, நோயாளியைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று வீட்டாருக்குக் காட்டிக்கொடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் உழைப்பு வீணாகும்.

முகவாதத்தில் அவசரம் வேண்டாம்

வாய் கோணியவரை "கரண்ட் வெச்சா சரியாயிடும்" என்று நேரே பிசியோ சென்டருக்கு அழைத்து வருவார்கள். உங்கள் முதல் கேள்வி, "எப்போது தொடங்கியது, டாக்டரைப் பார்த்தாச்சா?" என்பதாக இருக்கட்டும். கையிலோ காலிலோ பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம்; ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பெல்ஸ் பால்சி என்றாலும் ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே முக்கியம். மூடாத கண்ணைக் காக்க வேண்டும். பெரும்பாலானோர் தானாகவே தேறுவார்கள். இதில் மின்தூண்டலுக்கான ஆதாரம் வலுவாக இல்லை. கண்ணாடி முன் மெதுவாகச் செய்யும் முகப்பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள்.

நரம்பே அறுபட்ட தசைக்குக் கணக்கு வேறு. மைக்ரோ செகண்ட் பல்ஸுக்கு அது அசையாது. பத்து மில்லி செகண்டுக்கு மேற்பட்ட நீண்ட பல்ஸ் வேண்டும். டென்ஸ் மெஷினை வைத்து அந்தத் தசையை எழுப்ப முயல்வது நோயாளியின் பணத்தையும் நம்பிக்கையையும் கரைக்கும்.

ஒட்டும் முன் பார்க்க வேண்டியவை

• பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருக்கிறதா? இருந்தால் இதய மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள்.
• கர்ப்பிணியின் வயிறு, இடுப்புப் பகுதி. புற்றுநோய்க் கட்டி உள்ள இடம். காலில் ரத்தக்கட்டி இருப்பதாகச் சந்தேகம் உள்ள இடம். கழுத்தின் முன்பக்கம்: இங்கெல்லாம் வைக்கக் கூடாது. நெஞ்சுக்குக் குறுக்கே கரண்ட் பாயும்படியும் வைக்கக் கூடாது.
• உணர்வைச் சோதியுங்கள். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் கூர்மையும் மழுக்கமும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்காமல் அளவைக் கூட்டாதீர்கள்.
• தோலை சோப்பு நீரால் துடையுங்கள். எண்ணெயும் தைலமும் கரண்டைத் தடுக்கும்.
• காய்ந்த ஜெல், ஓரம் தூக்கிய பேட், சிறிய பேட் மூன்றும் கரண்டை ஓரிடத்தில் குவித்துத் தோலைச் சுடும்.
• ஷார்ட்வேவ் டயாதெர்மி ஓடும் கட்டிலுக்கு அருகே ஸ்டிமுலேட்டர் வேண்டாம். குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள்.
• ஒட்டும்போதும் எடுக்கும்போதும் அளவு பூஜ்யத்தில் இருக்க வேண்டும். எடுத்தபின் தோலைப் பாருங்கள்.

"கரண்ட் மட்டும் வைங்க தம்பி"

இப்படிக் கேட்பவர்களிடம் வாதிட வேண்டாம். "வைக்கிறேம்மா. கரண்ட் வலியைக் குறைக்கும். ஆனா முட்டியைத் தாங்குறது தொடைத் தசைதான். வலி குறைஞ்ச கையோட இந்த ரெண்டு பயிற்சியும் செஞ்சுட்டுப் போங்க" என்று சொல்லுங்கள். நேரம் இல்லை என்று நிர்வாகம் சொன்னால், இரண்டு பயிற்சி சொல்லித்தர ஐந்து நிமிடம் கேளுங்கள். தேறிய நோயாளி இன்னொருவரை அழைத்து வருவார் என்பது எந்த உரிமையாளருக்கும் புரியும்.

எழுதி வைத்தால் வளர்வீர்கள்

"ஐ.எஃப்.டி. 10 நிமிடம்" என்பது பதிவு ஆகாது. எந்தத் தசை, அலைவெண், பல்ஸ் அகலம், எத்தனை சுருக்கம், முன்னும் பின்னும் வலி எவ்வளவு, முட்டி எத்தனை டிகிரி மடங்கியது, தோல் எப்படி இருந்தது என எல்லாம் எழுதுங்கள். சில அமர்வுகளில் அளவீடு எதுவும் மாறாவிட்டால் சிகிச்சையை மாற்றுங்கள், அல்லது மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.

இந்தப் பழக்கம் உங்கள் வேலைக்கும் காப்பு. 2021-ல் இயற்றப்பட்ட தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் பிசியோதெரபியை ஒழுங்குமுறைக்குட்பட்ட தொழிலாக்கியிருக்கிறது. பொறுப்பும் அதற்கேற்பக் கூடும். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே போகிறது. அங்கே பெரிய மெஷின்கள் வராது. ஒரு சிறிய கருவியும், குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுக்கும் திறமையும்தான் துணை. எம்.பி.டி.யில் நரம்பியல், எலும்பியல், விளையாட்டு என எதைத் தேர்ந்தாலும் இந்த அடிப்படை கூடவே வரும்.

நாளை காலை முதல் நோயாளியிடமிருந்தே தொடங்குங்கள். பேட் ஒட்டும் முன் நோக்கத்தை அவருடைய குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். கட்டிலை விட்டு இறங்கும் முன் ஒரு பயிற்சியாவது செய்ய வையுங்கள். கரண்டுக்காக வந்தவர் தன் காலை நம்பி வீடு திரும்ப வேண்டும். அதைச் செய்து தருவது உங்கள் கடமை.